ஆறாவது சுற்றில் ஏன் கழன்றுபோனோம்?

கேள்வி:

வணக்கம் சார். பாபநாசம், கும்பகோணம் பக்கத்து ஆட்கள் நாங்கள் ஐந்து பேர். ரோடு பைக் வாங்கி மூன்று வருடமாகச் சேர்ந்து ஓட்டுகிறோம். ஞாயிறுதோறும் பூம்புகார், வேளாங்கண்ணி, கல்லணை என்று நீண்ட தூரம் போய்வருவோம். சராசரி 30 கி.மீ. வேகம் வரும். அந்தத் தைரியத்தில் திருச்சி பக்கம் ஒரு புது மனைப்பிரிவில் நடந்த கிரிட்டீரியம் (சின்னத் தடத்தையே பல தடவை சுற்றுகிற சைக்கிள் பந்தயம்) போட்டிக்கு அணியாகப் பெயர் கொடுத்தோம். 1.2 கி.மீ. சுற்று, நான்கு திருப்பம், 45 நிமிடமும் அதற்கு மேல் மூன்று சுற்றும். முதல் போட்டியாயிற்றே என்று பின்வரிசையில் நின்று தொடங்கினோம். ஆறாவது சுற்றிலேயே எங்களில் மூன்று பேர் கூட்டத்தோடு ஈடுகொடுக்க முடியாமல் கழன்றுவிட்டோம். மீதி இருவரில் ஒரு தம்பி தனியாகப் பிரிந்து முன்னால் போனான். அவனைத் துரத்திப் பிடித்ததே எங்கள் அணியின் இன்னொருவர்தான்! 'பின்னாலிருந்து பார்த்தபோது யாரென்று தெரியவில்லை' என்கிறார். போட்டி முடிந்து டீக்கடையில் பெரிய சண்டை. தை மாதம் அதே இடத்தில் மறுபடி போட்டி இருக்கிறது. என்ன பயிற்சி செய்வது? ஐந்து பேரில் வேகத்தில் நான் நான்காவது. கூட்டத்துக்குள் பயமில்லாமல் ஓட்டுவேன், அவ்வளவுதான். எனக்கு அணியில் என்ன வேலை? அப்புறம், கால் முடியை மழிக்கத்தான் வேண்டுமா?

— ஒரு வாசகர், பாபநாசம் வட்டம்

பதில்:

தம்பி, உங்கள் காலில் குறையில்லை. கும்பகோணத்தில் விடியற்காலை கிளம்பிப் பூம்புகார் போய்விட்டு வீட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்புகிறவருக்கு 45 நிமிடம் ஓட்டத் தெம்பில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் பழகியது ஒன்று, அங்கே கேட்டது வேறு ஒன்று. பின்வரிசையில் நின்றீர்கள் பாருங்கள், அங்கேயே பாதி போட்டி முடிந்துவிட்டது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 கி.மீ. வேகத்தில் 45 நிமிடம் என்றால் 30 கி.மீ. உங்கள் தடத்தில் அது 25 சுற்று. கடைசி மூன்றையும் சேர்த்தால் 28. சுற்றுக்கு நான்கு வீதம் 112 திருப்பம். முன்னால் போகிற ஐந்தாறு பேர் திருப்பத்துக்குள் 32 கி.மீ. வேகத்தில் நுழைந்து, வெளியே வந்து 40க்கு ஏறிவிடுவார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களுக்குப் பின்னால் ஒருவர் லேசாக பிரேக்கைத் தொடுவார். அவருக்கு அடுத்தவர் இன்னும் கொஞ்சம் அழுத்துவார். இப்படியே போய் முப்பதாவது ஆளிடம் வரும்போது வேகம் 20க்கு இறங்கியிருக்கும். 20லிருந்து 40க்கு ஏற்ற வேண்டிய சக்தி, 32லிருந்து 40க்கு ஏற்றுவதைப் போல இரண்டு மடங்கு. அதுவும் வெறும் 40 போதாது. முன்னால் போனவர்களைப் பிடிக்க 45, 46 என்று மிதிக்க வேண்டும். பிடித்து மூச்சு வாங்குவதற்குள் அடுத்த திருப்பம் வந்துவிடும்.

ஆக, ஒரே போட்டியில் முன்னால் இருப்பவர் ஓட்டுவது ஒன்று, பின்னால் இருப்பவர் ஓட்டுவது இன்னொன்று. ஆறாவது சுற்று முடியும்போது நீங்கள் 24 ஸ்பிரிண்ட், அதாவது முழு வேகப் பாய்ச்சல், அடித்திருக்கிறீர்கள். வேளாங்கண்ணி சாலையில் ஒரு நாள் முழுக்க ஓட்டினாலும் அத்தனை ஸ்பிரிண்ட் வராது. நம் டெல்டாவில் மேடு கிடையாது. ஆற்றுப் பாலம் ஏறி இறங்கினால் அதுதான் மலை. ஒரே சீராக மிதிப்பதில் நம் ஆட்கள் கெட்டிக்காரர்களாக இருப்பதற்கும், திடீர் திடீரென்று வேகம் கூட்டச் சொன்னால் திணறுவதற்கும் அதுதான் காரணம்.

திருப்பத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஓசியில் கிடைக்கிற வேகம் அங்கேதான் இருக்கிறது. திருவாரூரில் தேர் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். நேர் வீதியில் வடம் பிடிக்க ஆயிரம் கை உண்டு. முக்குத் திரும்பும்போது மட்டும் எல்லோர் கண்ணும் முட்டுக்கட்டை போடுகிறவர் மேல்தான். கிரிட்டீரியமும் அப்படித்தான். நேர் ரோட்டில் எல்லோரும் வீரர்கள். திருப்பத்தில் தெரிந்துவிடும் யார் பழகியவர் என்று.

பிரேக் பிடிப்பதெல்லாம் திருப்பத்துக்கு முன்னால், சைக்கிள் நேராக இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும். கியரையும் அப்போதே ஒன்றோ இரண்டோ இறக்கிவிடுங்கள். வெளியே வந்த பிறகு கனமான கியரில் மாட்டிக்கொண்டு திணறுகிறவர்தான் இடைவெளி விடுகிறவர். கை இரண்டும் டிராப்ஸில், அதாவது ஹேண்டில்பாரின் கீழ் வளைவில் இருக்கட்டும். உள்பக்கத்து பெடல் மேலே, வெளிப்பக்கத்து பெடல் கீழே. உடம்பின் எடை முழுவதும் அந்தக் கீழ்க் காலில் இறங்கியிருக்க வேண்டும், சீட்டில் சும்மா ஒட்டிக்கொண்டு உட்காருங்கள். உள்பக்கக் கையால் ஹேண்டில்பாரைக் கீழ்நோக்கி மெல்ல அழுத்தினால் சைக்கிள் தானாகச் சாயும். கண் முன்னால் போகிறவரின் டயரில் இருக்கக்கூடாது. திருப்பம் முடிகிற இடத்தைப் பாருங்கள். பார்வை போகிற இடத்துக்குத்தான் சைக்கிள் போகும். பள்ளத்தையே பார்த்துக்கொண்டு போனால் பள்ளத்தில்தான் இறங்குவீர்கள்.

கூட்டத்துக்குள் இன்னொன்று. தனியாகப் போகும்போது வெளியிலிருந்து உள்ளே வந்து மறுபடி வெளியே விரிவது நல்ல கோடு, அதாவது சைக்கிள் போகிற பாதை. பக்கத்தில் ஆள் இருக்கும்போது அது செல்லாது. நீங்கள் எந்தக் கோட்டில் நுழைந்தீர்களோ அதே கோட்டில்தான் வெளியே வர வேண்டும். கடைசி நொடியில் உள்பக்கச் சந்தில் சைக்கிளைச் செருகுகிறவர்கள் இருப்பார்கள். ஜெயிப்பதற்காகச் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு நான்கு பேரைக் கீழே தள்ளுவார்கள். அந்த ஆளாக நீங்கள் இருக்காதீர்கள். முன்னால் இருப்பவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் உங்கள் முன்சக்கரம் போகக்கூடாது என்பதையும் ஐந்து பேரும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். உரசினால் பெரும்பாலும் விழுவது பின்னால் வருகிறவர்தான்.

இதை எங்கே பழகுவது? நம் ஊர்களில் கோயிலைச் சுற்றி நான்கு தேர் வீதிகள் இருக்கின்றன. நான்கு நேர் ரோடு, நான்கு செங்கோணத் திருப்பம். கிரிட்டீரியத்துக்கென்றே போட்டது போல் இருக்கும். ஆசைப்பட்டு அங்கே போய் வேகம் காட்டாதீர்கள். மார்கழி விடியற்காலையில் வாசலில் குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள், பால்காரர் வருவார், மாடு நிற்கும். தஞ்சாவூர், கும்பகோணம் புறவழிச்சாலைகளை ஒட்டி ரோடு மட்டும் போட்டு வீடு வராத மனைப்பிரிவுகள் இருக்கின்றனவே, அதில் ஒன்றில் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். திருப்பத்தில் கிடக்கிற எம்-சாண்டையும் ஜல்லியையும் முதலில் துடைப்பத்தால் பெருக்குங்கள். இரண்டு தண்ணீர் பாட்டிலை அடையாளமாக வைத்து, முதல் நாள் 20 கி.மீ. வேகத்தில் தனித்தனியாக, அப்புறம் இரண்டிரண்டு பேராகத் தோளோடு தோள் ஒட்டி. வேகம் கடைசியில் வரட்டும். ஹெல்மெட் இல்லாமல் ஒரு சுற்றுகூட வேண்டாம்.

இப்போது ஐப்பசி, கார்த்திகை மழை. மழை என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். இடி மின்னல் இல்லாத தூறலில் மெதுவாகத் திருப்பம் பழகுங்கள். தை மாதக் காலையில் ரோடு காய்ந்திருக்கும் என்று நம்ப முடியாது. காவிரிக் கரையோரம் பனி இறங்கினால் தார் ரோடு நனைந்துதான் இருக்கும். வெள்ளைக் கோடு போட்ட இடமும், இரும்பு மூடியும் அப்போது வழுக்கும். காற்றையும் அளவாக அடியுங்கள். 25 மி.மீ. டயரை 110, 120 பி.எஸ்.ஐ. என்று கல்லாக்கிவிட்டால் வேகம் கூடும் என்பது பழைய நினைப்பு. 70 கிலோ ஆளுக்கு 80, 85 போதும். ஈர ரோட்டில் இன்னும் சற்றுக் குறைக்கலாம். பயிற்சிக்குப் போகிற வழியில் ரோட்டில் நெல்லோ வைக்கோலோ காய்ந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். வைக்கோல் செயினில் சுற்றினால் பிரித்தெடுக்கிற பாடு தனி.

உடம்புக்கான பயிற்சி பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. வாரத்தில் ஒரு நாள், 20 விநாடி முழு வேகம், 40 விநாடி ஆறுதல் என்று பத்து நிமிடம். ஐந்து நிமிடம் இளைப்பாறிவிட்டு மறுபடி. மூன்று தடவை செய்தால் அன்றைக்குப் போதும், அதற்கு மேல் செய்கிறவர் முதல் தடவையை ஒழுங்காகச் செய்யவில்லை என்று அர்த்தம். இன்னொரு நாள் மேலே சொன்ன திருப்பப் பயிற்சி. ஞாயிறு நீண்ட தூரத்தை விடவேண்டாம், கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். போட்டிக்கு முந்தைய வாரம் எல்லாவற்றையும் பாதியாக்குங்கள். போட்டியன்று தொடங்குவதற்கு முன் அரை மணி நேரமாவது மிதித்து வேர்த்திருக்க வேண்டும். விசில் அடித்த முதல் மூன்று சுற்றும்தான் இந்தப் போட்டியின் மிகக் கடினமான பகுதி. முதல் வரிசையில் இடம்பிடித்து நில்லுங்கள். ஷூவை பெடலில் மாட்டுவதற்குத் தடவிக்கொண்டிருந்தால் பத்து பேர் தாண்டிவிடுவார்கள், அதையும் பழகுங்கள்.

சரி, டீக்கடைச் சண்டைக்கு வருகிறேன். உங்கள் ஆளையே உங்கள் ஆள் துரத்தினார் என்றால் அதில் கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்காது. 'யாரென்று தெரியவில்லை' என்று அவர் சொன்னதை நான் நம்புகிறேன். ஐந்து பேரும் ஐந்து நிற ஜெர்சியில் போயிருப்பீர்கள். ஒரே ஜெர்சி தைத்துக்கொள்ளுங்கள். பின்னாலிருந்து குனிந்த முதுகுதான் தெரியும், அதனால் முதுகுப்பக்கம் பளிச்சென்று இருக்கட்டும்.

ஆனால் உண்மையான கோளாறு ஜெர்சியில் இல்லை. இன்றைக்கு யார் ஜெயிக்க வேண்டும் என்று நீங்கள் பேசிவைத்துக்கொள்ளவில்லை. பேசாமல் போனால் ஐந்து பேரும் ஐந்து எதிராளிகள்தான். முந்தின நாள் இரவே உட்கார்ந்து இதை முடிவு செய்யுங்கள், அதுவும் வெளிப்படையாக. கடைசி 200 மீட்டரில் யார் வேகமோ அவர் ஸ்பிரிண்டர். தனியாகப் பிரிந்து போகத் துணிந்த அந்தத் தம்பிதான் உங்கள் ஓட்டக்காரர். அவர் போகட்டும், போனால் மற்ற நால்வரும் மிதிப்பதை நிறுத்த வேண்டும். நிறுத்துவதென்றால் பிரேக் பிடிப்பதல்ல. துரத்துகிற கூட்டத்தில் இரண்டாவது மூன்றாவது இடத்தில் ஒட்டிக்கொண்டு, உங்கள் முறை வரும்போது முன்னால் போகாமல் இருப்பது. 'என்னப்பா, நீயும் இழு' என்று கத்துவார்கள். 'முன்னால எங்க ஆளு இருக்கார்' என்று சொல்லிவிடுங்கள், அதில் தப்பில்லை, விதிப்படி சரிதான். திருப்பத்தில் வேண்டுமென்றே வேகத்தைக் குறைப்பது, குறுக்கே வளைந்து வளைந்து ஓட்டுவது இவை தப்பு. நடுவர் வெளியே அனுப்பிவிடுவார், அனுப்பவும் வேண்டும்.

அவர் பிடிபட்டுவிட்டால்? பிடித்தவர்கள் மூச்சு வாங்குகிற அந்த நொடியில் உங்கள் அணியின் இன்னொருவர் கிளம்ப வேண்டும். ஐந்து பேர் இருப்பதன் பெரிய லாபம் இதுதான். எதிரணி ஒவ்வொரு தடவையும் துரத்தியாக வேண்டும், நீங்கள் முறை வைத்துக் கிளம்பலாம்.

உங்கள் வேலை என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். கூட்டத்துக்குள் பயமில்லை என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். ஐந்து பேரில் மிக அரிதான சரக்கு உங்களிடம்தான் இருக்கிறது. ஸ்பிரிண்டரை 28 சுற்றும் முதல் பத்து பேருக்குள் வைத்திருப்பது உங்கள் பொறுப்பு. அவர் உங்கள் பின்சக்கரத்தைத் தவிர வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை. பின்னால் ஒட்டிப் போகிறவருக்குக் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை சக்தி மிச்சமாகும். அந்த மிச்சத்தை நீங்கள் அவருக்குச் சேர்த்துக் கொடுக்கிறீர்கள். இடைவெளி தெரிந்தால் நீங்கள் நுழையுங்கள், அவர் தொடர்வார். பின்னால் தள்ளப்பட்டால் திருப்பத்தில் முந்தப் பார்க்காதீர்கள், நேர் ரோட்டின் ஓரமாக ஏறுங்கள். ரோட்டில் கேப்டனும் நீங்களே. யார் எப்போது கிளம்புவது என்று சொல்ல ஒருவர் வேண்டும், அது வேகமானவராக இருக்க வேண்டியதில்லை. ஒற்றைச் சொற்களாக வைத்துக்கொள்ளுங்கள்: 'போ', 'விடு', 'இடது', 'வலது'. 'நில்லு', 'பிரேக்' என்று மட்டும் கத்திவிடாதீர்கள், அணி பாகுபாடில்லாமல் எல்லோரும் நின்றுவிடுவார்கள்.

கடைசிச் சுற்று. 45 கி.மீ. வேகத்தில் 1.2 கி.மீ. சுற்றுக்கு 96 விநாடி ஆகும். அந்த வேகத்தில் காற்றை நேராக வாங்கிக்கொண்டு ஒருவர் முக்கால் நிமிடம் தாங்கினால் பெரிது. உங்களிடம் இழுக்க நான்கு பேர், ஆனால் அதுவரை வந்த களைப்பில் மூன்று பேர்தான் மிஞ்சுவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே ஒன்றரைச் சுற்று இருக்கும்போது ரயிலை, அதாவது ஸ்பிரிண்டரைக் கடைசியில் வைத்து ஒருவர் பின் ஒருவராக இழுத்துப் போகிற உங்கள் வரிசையை, கிளப்பினால் சரியாக இருக்கும். ஐந்து சுற்று இருக்கும்போதே தலைகால் புரியாமல் முன்னால் வந்து இழுத்து, கடைசிச் சுற்று மணி அடிக்கும்போது ஆளே இல்லாமல் போகிற அணிகளை அடிக்கடி பார்க்கிறேன். அவர்கள் இழுத்த இழுப்பில் வேறு யாராவது ஜெயித்துவிட்டுப் போவார்கள். விலகும்போது எந்தப் பக்கம் விலகுவது என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். ஆளுக்கொரு பக்கம் விலகினால் ரயில் தடம் புரண்டுவிடும்.

தடத்தை முந்தின நாளே நடந்து பாருங்கள். கடைசித் திருப்பத்திலிருந்து முடிவுக் கோடு எவ்வளவு தூரம்? 150, 200 மீட்டர்தான் என்றால் போட்டி கோட்டில் முடிவதில்லை, அந்தத் திருப்பத்திலேயே முடிந்துவிடுகிறது. அதிலிருந்து முதலாவதாகவோ இரண்டாவதாகவோ வெளியே வருகிறவருக்குத்தான் பரிசு. பிரான்ஸில் மூன்று வாரம் நடக்கிற பெரிய சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸில், 2009இன் கடைசி நாள், பாரீஸ் ஷான்செலீசே வீதி. ஸ்பிரிண்டர் மார்க் கேவெண்டிஷை இழுத்து வந்து வழிவிட வேண்டிய அவர் அணித்தோழர் மார்க் ரென்ஷா கடைசித் திருப்பத்தை எடுத்த வேகத்தில் பின்னால் வந்தவர்களோடு இடைவெளியே விழுந்துவிட்டது. கேவெண்டிஷ் முதலாவது. இழுத்து வந்த ரென்ஷா தானே இரண்டாவது. அதே கேவெண்டிஷ் 2024இல் 35ஆவது டூர் கட்ட வெற்றியை (டூரில் ஒரு நாள் ஓட்டம் ஒரு கட்டம்) பெற்று, பழைய சாம்பியன் எடி மெர்க்ஸின் 34ஐத் தாண்டினார். அந்த 35இல் பலவற்றுக்கு முன்னால் இழுத்துக்கொடுத்து ஒதுங்கிய ஒருவர் இருந்தார். உங்கள் வேலை அது. கோட்டைத் தாண்டும்போது நீங்கள் இருபதாவதாக வந்தாலும் அன்றைக்கு வேலை முடித்த ஆள் நீங்கள்தான்.

போட்டிக்கு முன் நடுவர் விதிகளைச் சொல்லும்போது செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்காதீர்கள். பஞ்சர் ஆனாலோ விழுந்தாலோ ஒரு சுற்று இலவசமாகக் கொடுத்து மறுபடி கூட்டத்தில் சேர்த்துவிடுவது கிரிட்டீரியத்தில் வழக்கம். எத்தனை சுற்று, எந்த இடத்தில் சேர வேண்டும், கடைசி எத்தனை சுற்றில் அது கிடையாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாற்றுச் சக்கரம் ஒரு ஜோடியாவது அந்த இடத்தில் இருக்கட்டும். நடுவில் மணி அடித்து அந்த ஒரு சுற்றுக்கு மட்டும் தனிப் பரிசு அறிவிப்பார்கள். அதற்கு ஓடுகிறவர் யார் என்பதும் முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும், உங்கள் ஸ்பிரிண்டராக மட்டும் இருக்கக்கூடாது.

பரிசுப் பணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, அடுத்த டீக்கடைச் சண்டை அதில்தான் வரும். நுழைவுக் கட்டணம், வண்டி வாடகை, டியூப், சாப்பாடு எல்லாம் கழித்து மீதியை ஐந்தாகப் பிரியுங்கள். முதல் சுற்றில் விழுந்து வெளியே வந்தவருக்கும் அதே பங்கு. ஜெயித்தவருக்குக் கோப்பை வீட்டுக்குப் போகட்டும், பணம் போகவேண்டாம்.

கால் முடி: மழித்தால் காற்றில் கொஞ்சம் லாபம் உண்டு, உங்கள் கட்டத்தில் அதனால் இடம் மாறாது. விழுந்து சிராய்த்தால் காயத்தைக் கழுவவும், கட்டைப் பிரிக்கவும் சுலபம் என்பதுதான் நியாயமான காரணம். ஊரில் நாலு பேர் கேட்பார்களே என்று கூச்சமாக இருந்தால் விட்டுவிடுங்கள். மழிப்பதென்றால் போட்டிக்கு முந்தின இரவு வேண்டாம், நான்கைந்து நாள் முன்னாலேயே செய்துவிடுங்கள். புதிதாக மழித்த கால் வேர்வை பட்டால் எரியும்.